ஷஹர்பானுவின் பாதி இறகு

காஷான் நகரத்துத் தேள் வெளியூர்க்காரனைக் கொட்டாது என்பார்கள். பட்டு வாங்க வருகிற வியாபாரி எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், சத்திரத்தில் விளக்கை அணைக்கும் முன் சுவரைப் பார்த்து, "நான் வெளியூர்க்காரன்" என்று உரக்கச் சொல்லிவிட்டுத்தான் படுப்பான். அதைக் கேட்டதும் தேள் வாலைச் சுருட்டிக்கொண்டு தன் பொந்துக்குப் போய்விடுமாம். உள்ளூரில் பிறந்தவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. அவர்கள் செருப்பை உதறிப் பார்த்துத்தான் காலை நுழைக்க வேண்டும்.

மருத்துவச்சி ஷஹர்பானு உள்ளூரில் பிறந்தவள். ஐம்பது வயதுக்குள் மூன்று முறை தேளிடம் கொட்டு வாங்கியவள். "ஒரு நாள் வலி, பூண்டை நசுக்கிக் கட்டினா போயிடும்" என்று அதைச் சொல்லிச் சிரிப்பாள். நான்காவது கொட்டுக்குத்தான் அவளிடம் மருந்து இல்லாமல் போயிற்று.

பட்டுத் தறிக்காரர்கள் தெருவில் அவளை யாரும் ஷஹர்பானு என்று கூப்பிடுவதில்லை. சீமுர்க் பீபி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தப் பெயருக்கு இரண்டு காரணங்கள் உண்டு.

முதல் காரணம், அவளிடம் இருந்த இறகு. அவளுடைய தாயும் மருத்துவச்சிதான். தாய் விட்டுப்போன சொத்து அது ஒன்றே. வாதுமை மரப் பெட்டிக்குள், சிவப்புப் பட்டில் சுற்றி, முழங்கை நீளத்துக்கு இருக்கும். கருப்பும் பொன்னிறமும் கலந்த இறகு. மலையுச்சியில் கூடு கட்டி வாழும் சீமுர்க் பறவையின் இறகு என்பார்கள். உலகம் அழிந்து பிறந்ததைப் பலமுறை பார்த்த கிழட்டுப் பறவை அது. பெற்ற தகப்பனே மலையில் வீசிவிட்டுப் போன ஒரு கைக்குழந்தையைத் தன் குஞ்சுகளோடு சேர்த்து வளர்த்தது. பிள்ளை வாலிபனாகி மனிதர்களிடம் திரும்பியபோது, "கஷ்டம் வந்தால் இதைக் கொளுத்து, எங்கிருந்தாலும் வருவேன்" என்று தன் இறகைக் கொடுத்து அனுப்பியது. பின்னால் அவன் மனைவி பிள்ளை பெற முடியாமல் உயிருக்குப் போராடியபோது அவன் இறகைக் கொளுத்தினான். பறவை வந்தது. தாயையும் பிள்ளையையும் காப்பாற்றிக் கொடுத்தது. காஷானில் இந்தக் கதையைக் கேட்காமல் வளர்ந்த பெண் கிடையாது.

பிரசவம் சிக்கலாகி, தாய் இனி என்னால் முடியாது என்று கண்ணை மூடும் நேரத்தில்தான் ஷஹர்பானு பெட்டியைத் திறப்பாள். இறகால் வயிற்றை வருடுவாள். பிறகு அதிலிருந்து ஒரே ஒரு இழையைக் கிள்ளி, கண்ணேறு கழிக்கும் இஸ்ஃபந்த் விதையோடு தணலில் போடுவாள். புகை மூக்கில் ஏறியதும், எங்கோ போய்க்கொண்டிருந்த பெண் திரும்பி வருவாள். வராமல் போனவர்களும் உண்டு. ஆனால் வந்தவர்களே அதிகம்.

இப்படித் தாயும் மகளுமாகக் கிள்ளிக் கிள்ளி, இறகின் ஒரு பக்கம் மொட்டையாகிவிட்டது. தண்டின் அந்தப் பக்கத்தை விரலால் தடவினால் சின்னச் சின்ன முள்ளாக நெருடும். ஒவ்வொரு நெருடலும் ஒரு தாய். இது பொற்கொல்லன் மனைவி, இது குருட்டுப் பக்கீரின் மகள், இது தறிக்காரன் வீட்டு இளைய மருமகள் என்று கண்ணை மூடிக்கொண்டே ஷஹர்பானுவால் சொல்ல முடியும். சும்மா திறந்து பார்ப்பது மட்டும் கூடாது. காரணமில்லாமல் பெட்டியைத் திறப்பது, தூங்குகிற தாயை வேடிக்கைக்கு எழுப்புவதைப் போல. பறவைக்குக் கோபம் வரும். அந்த ஒழுங்கை அவள் ஒருநாளும் மீறியதில்லை. அவளை வீழ்த்தியதும் அந்த ஒழுங்குதான்.

இரண்டாவது காரணம், யாதிகார்.

புருஷனையும், பிறந்து கண் விழிக்காத தன் சொந்தப் பிள்ளையையும் ஒரே குளிர்காலத்தில் மண்ணுக்குக் கொடுத்துவிட்டு, பால் கட்டிய மார்போடு ஷஹர்பானு பொதுக் குளியலறைக்குப் போன ஒரு விடியற்காலை. குளியலறை வாசலில், கிழிந்த கழுதைப் பைக்குள், நீலம் பாரித்த ஒரு ஆண்குழந்தை கிடந்தது. குளிக்க வந்த பெண்கள் சுற்றி நின்று உச்சுக்கொட்டினார்கள். யாரும் தொடவில்லை. ஷஹர்பானு அப்படியே பனியில் உட்கார்ந்து, குழந்தையை எடுத்து மார்பில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்து வீட்டு ஸனோபர் அன்றைக்கே சொன்னாள்: "இறகு மட்டும் வெச்சிருந்தே. இப்ப குஞ்சும் கிடைச்சிருச்சு. இனிமே நீ முழுச் சீமுர்க்குதான் பீபி." பெயர் ஒட்டிக்கொண்டது. குழந்தைக்கு யாதிகார் என்று பெயர் வைத்தாள். நினைவுப்பொருள் என்று அர்த்தம். போனவர்களின் நினைவாக இறைவன் கொடுத்தது.

அந்தப் பிள்ளையை அவள் வளர்த்த வளர்ப்பைத் தெருவே பார்த்தது. பிரசவம் பார்த்த வீட்டில் கொடுக்கும் கல்கண்டையும் பாதாமையும் தான் ஒருநாளும் வாயில் போட்டதில்லை. முந்தானையில் முடிந்து அவனுக்குக் கொண்டுவருவாள். அவனும் அழகாக வளர்ந்தான். தேன் தடவிய நாக்கு. சத்திரத்தில் சுற்றித் திரிந்தே துருக்கிப் பேச்சும் பரங்கிப் பேச்சும் கற்றுக்கொண்டு பட்டுத் தரகர்களிடம் வேலைக்குச் சேர்ந்தான். கம்ஸர் ஊரில் பன்னீர் காய்ச்சும் குடும்பத்திலிருந்து தில்ஆராம் என்ற பெண்ணைக் கட்டிவைத்தாள் ஷஹர்பானு. ரோஜாத் தோட்டத்தில் வளர்ந்த பெண். குரலே வெளியே வராது.

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது வழக்கம். தில்ஆராம் கம்ஸருக்குப் போனாள். அங்கே இருந்த மருத்துவச்சி, "காஷான்லருந்து ஆள் வரணுமா? நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று ரோஷப்பட்டாள். ஷஹர்பானுவுக்குச் சேதி போகவில்லை. குழந்தை மூச்சில்லாமல் பிறந்தது. தில்ஆராம் பிழைத்தாள், ஆனால் கண்ணில் ஏதோ ஒன்று அணைந்துபோயிற்று.

மறுபடி கர்ப்பமானபோது அவள் தாய்வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். பகலெல்லாம் மாமியாரின் பின்னாலேயே சுற்றினாள். மாவு பிசையும்போது கேட்பாள், துணி உலர்த்தும்போது கேட்பாள்.

"அத்தை, இறகு பத்திரமா இருக்குல்ல?"

"இருக்குடி."

"எனக்கு முடியாமப் போச்சுன்னா கொளுத்துவீங்கல்ல?"

"உனக்குக் கொளுத்தாம வேற யாருக்குடி கொளுத்தப் போறேன்?"

அந்த ஒரு பதிலில்தான் அந்தப் பெண் அன்றைய இரவு தூங்கினாள். அவள் உயிரும் வயிற்றிலிருந்த உயிரும் ஒரு வாதுமைப் பெட்டிக்குள் இருந்தன. இது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். யாதிகாருக்கும் தெரியும்.

அந்த வசந்தத்தில்தான் வெனிஸ் நகரத்திலிருந்து அல்வீஸே என்ற பரங்கி வியாபாரி சத்திரத்தில் வந்து இறங்கினான். சீமுர்க் உருவம் நெய்த வெல்வெட்டு வேண்டும் என்றான். அவன் ஊர்க் கோயில்களில் பாதிரிமார் அந்தத் துணியில் அங்கி தைத்துப் போடுவார்களாம். பறவையின் பெயர் தெரியாமல், நெருப்பில் விழுந்து எழும் வேறு ஏதோ பறவை என்று நினைத்துக் கும்பிடுவார்களாம். யாதிகார் அவனுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போய், ஒரே வாரத்தில் நிழலாகிவிட்டான். காஷானில் தனக்கென ஒரு நிரந்தரத் தரகனை வைத்துக்கொள்ள அல்வீஸே நினைத்திருந்தான். அந்த இடத்துக்குத் தெருவில் போட்டி அதிகம்.

ஒருநாள் யாதிகார் அச்சடித்த தாள் ஒன்றைப் பரங்கியிடமிருந்து வாங்கிவந்து முற்றத்தில் விரித்தான். அதில் ஒரு மிருகம். மனித முகம், சிங்க உடம்பு, தேள் வால். பாரசீக நாட்டில் வாழும் மனிதத் தின்னி என்று அதன் கீழே எழுதியிருக்கிறதாம்.

ஸனோபர் குனிந்து பார்த்தாள். "பாரசீகம்னா நம்ம ஊர்தானே? நான் பார்த்ததே இல்லையே." மறுபடி உற்றுப் பார்த்தாள். "அட, பார்த்திருக்கேன். மனுஷ மூஞ்சி, கொட்டுற வாலு. இது நம்ம வரி வசூல் பண்ற ஆளுடி."

தில்ஆராம்கூட அன்று வாய்விட்டுச் சிரித்தாள். யாதிகார் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து, பரங்கி ஊர்ப் பிரபுக்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தான். அங்கே பெரிய மனிதர்கள் வீட்டில் அதிசயங்களுக்கென்றே ஓர் அறை வைத்திருக்கிறார்களாம். ஒற்றைக் கொம்புக் குதிரையின் கொம்பு, முதலைத் தோல், வெள்ளிப் பூண் கட்டிய நெருப்புக்கோழி முட்டை. ஓவியர்கள் வந்து அவற்றைப் பார்த்துப் படம் எழுதுவார்களாம். அல்வீஸேவுக்குப் படியளக்கும் பிரபுவின் அறையில் சீமுர்க்கின் இறகு ஒன்றுதான் குறையாம்.

"அறையில மாட்டி வெச்சு என்னடா பண்ணுவாங்க?" என்று கேட்டாள் ஷஹர்பானு.

"பார்ப்பாங்கம்மா."

"பார்த்துட்டு?"

"பார்த்துக்கிட்டே இருப்பாங்க."

"ஏன், அந்த ஊர்ப் பொம்பளைங்க யாரும் பிள்ளை பெறுறதில்லையா?"

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். யாதிகாரும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மற்றவர்களுடையதைவிடச் சற்று முன்னதாகவே நின்றுவிட்டது என்பது ஷஹர்பானுவுக்கு அப்போது உறைக்கவில்லை. பெற்றவளுக்கே சில சமயம் உறைக்காது. இவள் பெற்றவளைவிட அதிகமாக நம்பியவள்.

பெட்டியின் சாவி எப்போதும் அவள் கழுத்தில் கிடக்கும். வியாழக்கிழமை குளியலறைக்குப் போகும்போது மட்டும் கழற்றுவாள். வெந்நீர் ஆவியில் இரும்பு சுடும். கழற்றி மகனிடம் கொடுத்துவிட்டுப் போவாள். வேறு யாரிடம் கொடுப்பாள்? ஒரு வியாழக்கிழமை அவன் சாவியை வாங்கிக்கொண்டு, "இன்னிக்கு நிதானமா குளிச்சுட்டு வாங்கம்மா, முதுகு வலின்னீங்களே" என்று சொன்னான். மகனின் கரிசனத்தைக் குளியலறையில் பத்துப் பேரிடம் சொல்லிப் பூரித்தாள் அவள்.

கோடை உச்சத்தில், வெயில் சுவரைப் பிளக்கிற ஒரு நண்பகலில் தில்ஆராமுக்கு வலி கண்டது. காஷான் வீடுகளில் அந்த வெயிலுக்கு ஒரே புகலிடம் நிலவறைதான். அவளைக் கீழே இறக்கினார்கள். காற்றுக் கோபுரத்தின் வழியே இறங்கிய கொஞ்சம் காற்றும், மூலையில் பானையின் ஈரமும். ஸனோபர் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். யாதிகார் சத்திரத்துக்குப் போயிருந்தான்.

ஆரம்பத்தில் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஸனோபர் தன் மாமியாரின் குறட்டையைப் பற்றிக் கதை சொல்லிச் சிரிக்கவைத்தாள். பிறகு சிரிப்பு நின்றது. பிள்ளை பாதி வழியில் தங்கிவிட்டது. வலி வந்து வந்து போனதே தவிர, அதன்பின் எதுவும் நகரவில்லை. தில்ஆராமின் உதடு வெளுத்தது. கை ஸனோபரின் பிடியிலிருந்து நழுவியது.

"அத்தை," என்றாள் கண்ணைத் திறக்காமல். "கம்ஸர்ல இப்படித்தான் இருந்துச்சு."

"இது கம்ஸர் இல்லடி. நான் இருக்கேன்."

"இறகு..."

ஷஹர்பானு கழுத்துச் சாவியை எடுத்தாள். பெட்டியைத் திறந்தாள். சிவப்புப் பட்டை விலக்கினாள்.

உள்ளே ஓர் இறகு இருந்தது. முழங்கை நீளம். கருப்பும் பொன்னிறமும். இரண்டு பக்கமும் இழை நிறைந்து, அடர்ந்து, அழகாக இருந்தது.

முழு இறகு.

அவள் விரல் தானாகவே தண்டின் வலப்பக்கத்தைத் தடவியது. நெருடவில்லை. பொற்கொல்லன் மனைவி அங்கே இல்லை. பக்கீரின் மகள் இல்லை. தறிக்காரன் வீட்டு மருமகள் இல்லை. விரலில் வாதுமைத் தோல் சாயம் லேசாக ஒட்டிக்கொண்டு வந்தது. நாரையின் இறகுக்கு யாரோ பொறுமையாகச் சாயமேற்றியிருக்கிறார்கள்.

யாரோவா? வியாழக்கிழமை, "நிதானமா குளிச்சுட்டு வாங்கம்மா" என்ற குரல் நிலவறைச் சுவரிலிருந்து கேட்டது. மனித முகம், தேள் வால். அந்தத் தாளை அவன் முற்றத்தில் விரித்தபோது நாமெல்லாம் சிரித்தோமே என்று நினைத்தாள். ஆனால் அழக்கூட அவளுக்கு நேரமில்லை. எதிரே ஒரு பெண் செத்துக்கொண்டிருந்தாள். அந்தத் துரோகியின் பிள்ளையைச் சுமந்துகொண்டு.

தில்ஆராம் கண்ணைத் திறந்துவிட்டாள். இறகையே பார்த்தாள். பாதி மொட்டையான இறகு என்று தெருவே சொல்லக் கேட்டவள்.

"அத்தை... இது முழுசா இருக்கே."

ஸனோபரும் பார்த்தாள். அவள் வாய் திறந்தது. ஷஹர்பானுவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டது.

தன் வாழ்நாளில் ஒரு தாயிடமும் ஷஹர்பானு பொய் சொன்னதில்லை. பிழைக்காது என்றால் பிழைக்காது என்று சொல்லிவிடுவாள். அதனால்தான் அவள் பிழைக்கும் என்றால் ஊர் நம்பியது. அவள் ஒரு கணம் கண்ணை மூடினாள். பிறகு குனிந்து, மருமகளின் நெற்றி வேர்வையைத் துடைத்தாள்.

"ஆமாடி கண்ணு. புதுசா முளைச்சிருக்கு. இத்தனை வருஷத்துல யாருக்கும் முளைக்கல. உனக்காகத்தான் முளைச்சிருக்கு. அது மலையை விட்டுக் கிளம்பிருச்சு. நீ தூங்கிட்டா யாரைத் தேடி வரும்?"

தில்ஆராமின் கண்ணில், கம்ஸரில் அணைந்த அந்த ஏதோ ஒன்று, பற்றிக்கொண்டது. ஷஹர்பானு இறகால் அவள் வயிற்றை வருடினாள். ஓர் இழையைக் கிள்ளித் தணலில் போட்டாள். இறகு எதுவானாலும் கருகும் வாடை ஒன்றுதான். அந்தப் புகையை இழுத்து, அந்தச் சத்தமில்லாத பெண், தெருக்கோடி வரை கேட்கும்படி ஒரு குரல் எழுப்பினாள்.

பிற்பகல் தொழுகை அழைப்பு கேட்டபோது பெண்குழந்தை ஷஹர்பானுவின் கையில் வீறிட்டுக்கொண்டிருந்தது.

யாதிகார் வியர்க்க விறுவிறுக்க ஓடிவந்தான். அவனை உள்ளே அனுப்பினார்கள். தில்ஆராம் களைத்துப்போன முகத்தில் சிரிப்போடு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்களுக்கு யாராவது சொன்னாங்களா? இறகு புதுசா முளைச்சிருந்துச்சுங்க. ரெண்டு பக்கமும். நான் என் கண்ணால பார்த்தேன். உங்க பொண்ணுக்காக முளைச்சிருக்கு."

அவன் முகம் வெளுத்ததை ஷஹர்பானு பார்த்தாள். மனைவிக்குத் தெரியவில்லை. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"பாங்கு சொல்லு," என்று ஷஹர்பானு குழந்தையை நீட்டினாள். பிறந்த குழந்தையின் காதில் முதலில் விழ வேண்டியது தொழுகை அழைப்பு. அதைச் சொல்வது தகப்பனின் கடமை. அவன் குழந்தையின் காதோரம் குனிந்தான். குரல் நடுவில் இரண்டு முறை உடைந்தது. மகள் பிறந்த சந்தோஷம் என்று தில்ஆராம் நினைத்தாள்.

முற்றத்துத் தொட்டியில் ஷஹர்பானு கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது அவன் பின்னால் வந்து நின்றான். அவள் திரும்பவில்லை.

"எங்கடா இருக்கு அது?"

"தப்ரீஸ் தாண்டியிருக்கும்மா. நோன்புப் பெருநாளுக்கு முன்னாடியே ஒட்டகங்க கிளம்பிருச்சு." அவனே தொடர்ந்தான். "காசுக்கு விக்கலம்மா. சத்தியமா. காசால வாங்க முடியாத ஒண்ணைக் கொண்டுவா, உன் விசுவாசத்தை நம்புறேன்னு அல்வீஸே சொன்னார். என்கிட்ட வேற என்ன இருந்துச்சு? குளியலறை வாசல்ல கிடந்தவன்னு இன்னும் சத்திரத்துல சிரிக்கிறாங்க. தரகன் இடம் கிடைச்சா வாயை மூடிருவாங்க."

தொட்டித் தண்ணீர் சிவந்து தெளிந்தது.

"குழந்தை நல்லாத்தானே பிறந்துச்சு?" அவன் குரலில் கொஞ்சம் தெம்பு வந்தது. "அந்த இறகு இல்லாமலே பிறந்துச்சுல்ல? அப்ப அதுல என்னம்மா இருந்துச்சு? ஏதோ மலைக்கழுகோட இறகு. நாமதான் கதை கட்டிட்டோம்."

ஷஹர்பானு திரும்பினாள்.

"கதைதான். அந்தக் கதையில குழந்தையைக் காப்பாத்தினது இறகு இல்லடா. கூப்பிட்டா வர்றேன்னு சொன்ன வார்த்தை. உன் பொண்டாட்டி அதை நம்பினா. நீ அதைத் தூக்கிக் கொடுத்துட்டே. இன்னிக்கு என் வாய்லருந்து ஒரு பொய்யைப் பிடுங்கி அந்த இடத்துல வெச்சேன். அவ செத்துப் போயிருந்தா?"

அவன் குனிந்து அவள் காலைத் தொட வந்தான். அவள் காலை இழுத்துக்கொண்டாள். குழந்தையாக இருந்தவனுக்கு நடை பழகிக் கொடுத்த நாளிலிருந்து, அவள் அவனிடமிருந்து விலகியது அதுதான் முதல் தடவை.

அவனை அவள் காட்டிக்கொடுக்கவில்லை. பால் சுரக்கிற பெண்ணிடம் என்ன சொல்வது? உன் புருஷன் உன் உயிரைப் பணயம் வைத்தான் என்றா? ஸனோபரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டாள். ஸனோபர் ஜென்மத்தில் முதல்முறையாக ஒரு ரகசியத்தைக் காப்பாற்றினாள். "வளர்த்த கடா மார்ல பாயும்னு கேள்விப்பட்டிருக்கேன் பீபி," என்று அன்று முணுமுணுத்ததோடு சரி.

ஆனால் தில்ஆராமின் வாயை யார் மூடுவது? நாற்பதாம் நாள் அவளைக் குளியலறைக்கு அழைத்துப் போனபோது, ஆவிக்கு நடுவே அத்தனை பெண்களிடமும் சொன்னாள். இறகு முளைத்த சேதி அன்று மாலைக்குள் தெருவைத் தாண்டியது. சுற்றுவட்டக் கிராமங்களிலிருந்தும் தொலைவிலுள்ள நதன்ஸ் ஊரிலிருந்தும் கர்ப்பிணிகள் வர ஆரம்பித்தார்கள். குங்குமப்பூ போட்ட இனிப்புக் கூழைக் கிண்ணம் கிண்ணமாகக் கொண்டுவந்து வாசலில் வைத்தார்கள். பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். ஷஹர்பானு ஒவ்வொரு முறையும் நாரை இறகின் இழையைக் கிள்ளித் தணலில் போட்டாள். பெண்கள் பிழைத்தார்கள். அவளை வாழ்த்தினார்கள். ஒவ்வொரு வாழ்த்தும் செருப்புக்குள் இருந்த தேளைப் போல அவளைக் கொட்டியது. மகன் அவளுக்குச் செய்ததை, அவள் இப்போது ஊருக்குச் செய்துகொண்டிருந்தாள். நிறுத்தவும் வழியில்லை.

யாதிகார் தொழிலில் வளர்ந்தான். தரகர்களில் முதல்வனானான். மாடியில் புது அறை எழுப்பினான். வெல்வெட்டு அங்கி போட்டான். அம்மாவுக்குப் பணிவிடை செய்வதில் ஒரு குறையும் வைக்கவில்லை. கைத்தடி, கம்பளி, வெந்நீர், எல்லாம் கேட்காமலே வரும். அவள் அவனிடம் தேவைக்குமேல் பேசியதில்லை. தாயும் மகனும் அப்படித்தான் என்று தில்ஆராம் நினைத்துக்கொண்டாள்.

குழந்தை ஓடி விளையாடும் வயதில், அல்வீஸேயின் கூட்டாளி ஒருவன் வெனிஸிலிருந்து வந்தான். அன்று சாயங்காலம் யாதிகார் சத்திரத்திலிருந்து முகம் மலர வந்தான். கோடை, எல்லோரும் மொட்டைமாடியில் படுப்பார்கள். தில்ஆராம் கீழே குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். ஷஹர்பானு மாடியில் தன் படுக்கையை உதறிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் அருகில் வந்து மண்டியிட்டான். இத்தனை நாள் கழித்து, அம்மாவின் மனம் குளிர ஒரு சேதி கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை அவன் குரலில் இருந்தது.

"அம்மா, இறகு பத்திரமா இருக்காம். பிரபு அதைக் கண்ணாடிப் பேழைக்குள்ள வெச்சிருக்காராம். எங்கெங்கருந்தோ பெரிய ஓவியருங்க எல்லாம் வந்து பார்த்துட்டுப் போறாங்களாம். தண்டுக்குத் தங்கப்பூண் போட்டிருக்காங்க. அரசனுக்குச் செய்ற மரியாதைம்மா."

அவள் கை படுக்கைமேல் நின்றது. ஒரு கணம், இத்தனை வருஷங்களில் முதல்முறையாக, அவள் அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் உற்சாகமாகத் தொடர்ந்தான்.

"முதல்ல பிரபு முகம் சுளிச்சாராம், ஒரு பக்கம் மொட்டையா அசிங்கமா இருக்கேன்னு. அப்புறம் ஒரு தட்டானைக் கூப்பிட்டு, வேற பறவையோட இழையெல்லாம் எடுத்து, பிசின் வெச்சு ஒவ்வொண்ணா ஒட்டவெச்சு நிரப்பிட்டாங்களாம். இப்ப பார்த்தா புதுசு மாதிரியே இருக்காம்."

"எல்லாத்தையுமா?" என்றாள் ஷஹர்பானு.

"எல்லாத்தையும்தான். ஒரு இடைவெளிகூடத் தெரியாதாம்."

அவள் வலதுகைப் பெருவிரல், சுட்டுவிரலின் ஓரமாக மெல்லத் தடவிக்கொண்டு போயிற்று, இல்லாத ஒரு தண்டைத் தடவுவதுபோல. பொற்கொல்லன் மனைவி. பக்கீரின் மகள். தறிக்காரன் வீட்டு இளைய மருமகள். விரல் நுனியில் எதுவும் நெருடவில்லை.

மேற்கே மலைமேல் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. பக்கத்து மாடிகளில் படுக்கை விரிக்கும் சத்தம். அவள் தன் படுக்கையைச் சுருட்டினாள். கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஸனோபரின் மாடியைப் பிரிக்கும் கட்டைச்சுவர் வரை நடந்தாள்.

"எங்கம்மா போறீங்க?"

அவள் நின்றாள். சத்திரத்துக்கு வரும் வியாபாரி படுக்குமுன் சொல்வதை, அதே நிதானத்தோடு, உரக்கச் சொன்னாள்.

"நான் வெளியூர்க்காரி."

அவள் சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை.